82 டிகிரியில் சிபியு: பயப்படலாமா?

திருவாரூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது. 2024 மே 5, இரவு 9:48

"அண்ணா, புதுசா ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்டு அசெம்பிள் பண்ணினேன். கேம் ஆடும்போது 82 டிகிரி காட்டுது. சும்மா இருக்கும்போதே 50. 70-க்கு மேல போனா சிப் போயிடும்னு ஃப்ரெண்ட் சொல்றான். நேத்து ரெண்டு தடவை தானா ஆஃப் ஆச்சு. சிபியுவைத் தொட்டா சுடுது. என்ன பண்ணட்டும்?"

மே 5, இரவு 11:20

நண்பர் சொன்னது சரிதான். 70-க்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தானாக ஆஃப் ஆகிறது என்றால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். கூலரைக் கழற்றி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்து மாட்டுங்கள். மீதியை நாளை எழுதுகிறேன். எடிட் செய்த ஒரு கல்யாண வீடியோ ரெண்டரில் (முழு வீடியோவாக மாற்றும் வேலை) ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கிறது.

மே 6, காலை 6:05

தம்பி, கூலரைக் கழற்றிவிடாதீர்கள். இன்னும் கழற்றவில்லையே?

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியதை இப்போது படித்தால் மூன்று வரியில் மூன்று தப்பு. அழிக்கவில்லை, கிடக்கட்டும். ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.

முதலில் அவசரமானது. உங்களுடையது ஏஎம்4 சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம். அந்த வகையில் கம்பிக்கால்கள் பிராசசரின் அடியில் இருக்கும். பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூலரோடு வந்துவிடும். எனக்கு வந்திருக்கிறது. பழைய ரைசன் 2200ஜி ஒன்று அப்படித்தான் கையோடு வந்தது. ஒரு மூலையில் ஏழெட்டுக் கால்கள் சாய்ந்துவிட்டன. லீட் இல்லாத 0.5 பென்சில் முனையை ஒவ்வொரு காலிலும் நுழைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, வரிசை நேராகத் தெரியும்வரை நிமிர்த்தினேன். ஒன்றரை மணி நேரம். கை நடுங்கினால் முடிந்தது கதை. அந்த பிராசசர் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு நரை கூடிப்போனது.

கழற்றியே ஆக வேண்டுமென்றால், ஏதாவது கனமாக ஓடவிட்டு இருபது நிமிடம் சூடாக்குங்கள். பேஸ்ட் இளகும். ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக முறுக்குங்கள். வழுக்கிக்கொண்டு வரும்போதுதான் தூக்க வேண்டும். ஆனால் புது மெஷினில் கழற்ற வேண்டியதே இல்லை. அந்தக் கூலரில் பேஸ்ட் கம்பெனியிலேயே தடவி வருகிறது.

இரண்டாவது, 70. அது தப்பு. 5600ஜி-க்கு அதைச் செய்யும் ஏஎம்டி கம்பெனி போட்டிருக்கும் உச்ச வரம்பு 95. 82 என்றால் இன்னும் 13 பாக்கி. மே மாதம், திருவாரூர், ஏசி இல்லாத அறை, பெட்டியோடு வந்த சின்னக் கூலர். எனக்கு 82 ஆச்சரியமே இல்லை.

மே 6, காலை 6:31

மூன்றாவது தப்பு விட்டுப்போனது. 95 வரம்புள்ள சிப் 82-ல் தன்னை ஆஃப் செய்துகொள்ளாது. வரம்பை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்கும். கேம் திக்கும், ரெண்டர் இழுக்கும். அதையும் மீறிச் சூடு ஏறினால்தான் கரண்டை வெட்டும். வேகமும் குறையாமல், திக்காமல், பட்டென்று இருட்டினால் பெட்டிக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள், யுபிஎஸ்ஸைப் பாருங்கள். ஆஃப் ஆன நேரத்தில் வேறு என்ன நடந்தது? யோசித்துச் சொல்லுங்கள்.

மே 6, மதியம் 2:15

"70 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? எல்லோரும் சொல்கிறார்களே" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

எனக்கு அது 2002-ல் வந்தது. அப்போது பிரவுசிங் சென்டரில் வேலை. ஏஎம்டியின் டியூரான் பிராசசர் போட்ட ஒரு மெஷினில் கூலரின் கிளிப் ஒரு பக்கம் சரியாக மாட்டவில்லை, எனக்குத் தெரியாது. ஆன் செய்தேன். பீப் கூட வரவில்லை, கருகிய வாசனைதான் வந்தது. சில விநாடிதான். முதலாளி சம்பளத்தில் பிடித்தார். அந்தக் காலத்து டியூரானிலும் அதே ஏஎம்டியின் பழைய அத்லானிலும் சூட்டைப் பார்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு சிப்புக்குள்ளேயே கிடையாது. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தில் ஓடும் மெஷினிலிருந்து ஹீட்சிங்க்கை (கூலரின் உலோகப் பகுதி) கழற்றி வீடியோ எடுத்துப் போட்டார்கள். அத்லானில் புகை வந்தது. இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் சூடு என்றால் மரணம் என்று மனதில் பதிந்துவிட்டது. என் மனதிலும்தான். நேற்று ராத்திரி பதில் எழுதியது அந்த பிரவுசிங் சென்டர் பையன்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்டெல் ஒரு காலத்தில் தன் பட்டியலில் போட்டுவந்த எண் வேறு. ஐ5-2400-க்கு 72.6 என்று இருக்கும். அது சிப்புக்குள் கணக்குப் போடும் கோரின் சூடு இல்லை. மேலே மூடியிருக்கும் உலோகத் தகட்டின் நடுவில் அளக்க வேண்டிய சூடு. வீட்டில் அதை யாரும் அளக்க முடியாது. சாஃப்ட்வேர் காட்டுவது கோரின் சூடு, அது எப்போதும் தகட்டைவிடக் கூடுதல். இரண்டையும் ஒன்றாக நினைத்து 72-தான் எல்லை என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது.

மே 6, இரவு 10:02

தம்பி பதில் போட்டிருக்கிறார். இரண்டு தடவை ஆஃப் ஆனபோதும் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்களாம், விளக்கு ஒரு கணம் மங்கியதாம். யுபிஎஸ் அப்பாவின் ஆபீசில் வேண்டாமென்று கொடுத்தது, ஐந்து வருடப் பழசாம்.

பேட்டரியை மாற்றுங்கள் தம்பி. பிராசசர் நிரபராதி.

மே 7, காலை 7:40

"தொட்டால் சுடுகிறது" என்பதை விட்டுவிட்டேன். நம் ஊரில் சிபியு என்றால் பெட்டி. கடையில் போய் சிபியு ரிப்பேர் என்றால் பெட்டியோடுதான் தூக்கிப் போகிறோம். சாஃப்ட்வேரில் சிபியு என்று போட்டிருப்பது உள்ளே தீப்பெட்டி அகலத்தில் இருக்கும் சிப். கையால் தொட்டுப் பார்ப்பது பெட்டியின் தகடு. பெட்டி கொதித்தால் காற்று வெளியே போகவில்லை என்று தெரியும், சிப் எத்தனை டிகிரி என்று தெரியாது. பெட்டி ஜில்லென்று இருந்து சிப் 100-ல் நிற்பதும் உண்டு. கூலர் சரியாக உட்காராவிட்டால் அப்படித்தான் ஆகும், சூடு சிப்பைவிட்டு வெளியே வந்தால்தானே பெட்டி சுடும்.

தம்பி, உங்கள் பெட்டி கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட அறைக்குள் இருக்கிறதா?

மே 7, காலை 9:15

இருக்கிறதாம். கதவையும் மூடி வைப்பாராம், தூசி போகாமலிருக்க. வெளியே எடுத்துத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். வைத்துவிட்டு அதே கேம், அதே நேரம்.

மே 7, இரவு 8:30

82 இப்போது 74. காசு செலவில்லை. ஸ்க்ரூ டிரைவரும் தேவைப்படவில்லை.

மே 9, மதியம் 3:10

இதைச் சொல்லிவிட்டு என் மெஷினைப் பார்க்காமல் இருந்தால் நியாயமில்லை. ஐ7-10700. நான் வேலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். கத்திரி வெயிலில் இந்த ஊரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஏசி இருக்கிறது, ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து ரெண்டர் ஓடும்போது நான் வெளியே போய்விடுவேன், ஏசியையும் நிறுத்திவிடுவேன். அதாவது மெஷின் அதிகமாக உழைக்கும் நேரத்தில் அறை அதிகச் சூடு. புத்திசாலித்தனம்தான்.

இன்று உட்கார்ந்து பார்த்தேன். அறை 36. ரெண்டர் போட்ட அரை நிமிடத்தில் 100. அங்கேயே நின்றது, 41 நிமிடம். பெட்டியோடு வந்த கூலர்தான், மூன்று வருடமாக.

100 என்பதுதான் இந்தச் சிப்புக்கு இன்டெல் போட்ட எல்லை. எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்து, சூடு மேலே போகாமல் பிடித்துவைக்கிறது. மூன்று வருடம் இப்படித்தான் ஓடியிருக்கும். சாகவில்லை. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய வேகம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

மே 9, மாலை 6:45

65 வாட் சிப் ஏன் 100-க்குப் போகிறது? மதர்போர்டின் செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் பார்த்தேன். சிப் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற பவர் லிமிட் இருக்கும் இடத்தில் 4095 என்று இருக்கிறது. நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து வாட்! எங்கள் வீட்டு கீசர் கூட 2000 வாட்தான்.

அதற்கு அர்த்தம் "எல்லை இல்லை" என்பது. 10700-க்கு இன்டெல் சொல்வது, தொடர்ந்து 65 வாட், 28 விநாடி வரை 224 வாட் போகலாம், அப்புறம் 65-க்கு இறங்கிவிடு. மதர்போர்டு செய்கிறவர்கள் நிறைய பேர் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுகிறார்கள், டெஸ்ட் பட்டியலில் தங்கள் போர்டு இரண்டு படி மேலே நிற்கட்டும் என்று. பெட்டியோடு வரும் கூலரோ 65 வாட்டை நினைத்துச் செய்தது. சண்டை போர்டுக்கும் கூலருக்கும். வேர்ப்பது சிப்.

மே 10, காலை 11:50

அதே வீடியோ, அதே அறைச் சூடு, பயாஸில் எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன். நேற்று இரவும் இன்று காலையும் ஏசியை வைத்து அறையை 36-லேயே நிறுத்தியதுதான் பெரிய வேலை. வேலூரில் அறையைச் சூடாக வைக்க ஒருவன் கஷ்டப்பட்டான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லை இல்லாமல்: 100, 41 நிமிடம்.
80 வாட்: 90, 44 நிமிடம்.
65 வாட்: 80, 47 நிமிடம்.

ஆறு நிமிடம் விட்டுக்கொடுத்தால் இருபது டிகிரி. ஃபேன் சத்தமும் பாதியாகிறது. வேகத்தின் கடைசிப் பங்குக்குத்தான் சிப் அதிகமாக மின்சாரம் குடிக்கிறது. அந்த உயரத்தில் கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்ட வேண்டும், வோல்டேஜ் கூடினால் வாட் அதன் வர்க்கத்தில் ஏறும்.

மே 10, பகல் 12:20

மேலே "ஆறு நிமிடம்" என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். ஒரு கல்யாணத்துக்கு ஏழெட்டு ரெண்டர். முகூர்த்த மாதத்தில் அது சும்மா இல்லை. சரி, யோசிக்கிறேன்.

மே 11, இரவு 9:30

ஓர் அக்கா தன் திரையைப் படம்பிடித்துப் போட்டு, "ஒரு வரியில் 127 டிகிரி இருக்கிறது, பயந்து பிளக்கையே பிடுங்கிவிட்டேன்" என்கிறார்.

அக்கா, அது எதனுடைய சூடும் இல்லை. போர்டில் இருக்கும் கண்காணிப்புச் சிப்புக்குப் பல உள்ளீடுகள் இருக்கும். அதில் சில காலில் எதுவுமே இணைத்திருக்க மாட்டார்கள். சாஃப்ட்வேர் அதையும் விடாமல் படித்து ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். எட்டு பிட்டில் குறியோடு எழுதக்கூடிய பெரிய எண் 127. அதனால்தான் அந்த 127 பல பேருடைய திரையிலும் அப்படியே அசையாமல் நிற்கிறது. நிஜமான சூடு அசையும். பிரவுசரைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும். பார்க்க வேண்டியது கோர் என்றோ, பேக்கேஜ் என்றோ, ஏஎம்டியில் Tdie என்றோ போட்டிருக்கும் வரியை.

இதற்கு நேர் எதிராக இன்னொருவர் 33 டிகிரி அறையில் தன் சிபியு 19 காட்டுகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறார். காற்றை ஊதி ஆற்றும் எதையும் அந்தக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது சார். இன்டெல் சென்சார் அளப்பதே "எல்லைக்கு இன்னும் எவ்வளவு பாக்கி" என்பதைத்தான். எல்லையை ஒட்டி ஒழுங்காகக் காட்டும், கீழே வர வர உளறும். பழைய சிப்களில் ரொம்பவே உளறும்.

மே 12, காலை 8:00

ஏஎம்டியும் ஒரு காலத்தில் குழப்பியது. முதல் ரைசன்களான 1700எக்ஸ், 1800எக்ஸ் சிப்களில் வேண்டுமென்றே 20 டிகிரி கூட்டிக் காட்ட வைத்திருந்தார்கள், ஃபேன்கள் ஒரே மாதிரி ஓடட்டும் என்று. எக்ஸ் இல்லாத 1700-ல் அது இல்லை. 2700எக்ஸ்-ல் 10. யாராவது பழைய மெஷினில் "சும்மா இருக்கும்போதே 62" என்று அழுதால் முதலில் சிப்பின் பெயரைக் கேளுங்கள்.

மே 12, காலை 8:20

தம்பியின் "சும்மா இருக்கும்போதே 50"-க்கும் பதில் சொல்லவில்லை. அறையே 35 என்றால் 50 என்பது பதினைந்துதான் கூடுதல். ரைசனில் இன்னொரு குணமும் உண்டு. ஒரு விண்டோவைத் திறந்தாலே ஒரு கோர் முழு வேகத்துக்குத் துள்ளும், 45 சட்டென்று 58 ஆகும், உடனே இறங்கும். ஃபேனும் கூடவே உறுமி உறுமி அடங்கும். எரிச்சலாக இருந்தால் பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில விநாடி தாமதம் வைத்துவிடலாம்.

மே 14, இரவு 10:40

வெளிநாட்டுக்காரர்கள் போடும் டெஸ்ட் அட்டவணையைப் பார்த்துவிட்டு "அவனுக்கு 68, எனக்கு ஏன் 81" என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. அவர்கள் அறை பெரும்பாலும் 21, 22 டிகிரி. நம்முடையது 35. வித்தியாசம் பதின்மூன்று. 81-லிருந்து பதின்மூன்றைக் கழித்துப் பாருங்கள்.

நான் இப்போது சாஃப்ட்வேர் எண்ணை அப்படியே எழுதுவதை விட்டுவிட்டேன். அறைச் சூட்டைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மேஜையில் இருக்கும் டிஜிட்டல் கடிகாரத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறது, அது போதும். கேபினெட்டின் பக்கத் தகட்டிலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். தேதி, அறை, சிபியு, கழித்தது.

மே 15, காலை 6:50

அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் சரியாக ஒரு டிகிரி ஏறும் என்று எழுத இருந்தேன். எழுதும்முன் பார்த்துவிடலாம் என்று விடியற்காலையில் எழுந்தேன். அறை 30. 65 வாட்டில் அதே வீடியோ 75. மதியம் 36-ல் 80. அறையில் ஆறு, சிப்பில் ஐந்து. சூடு கூடினால் ஃபேன் வேகமாகச் சுற்றி கொஞ்சம் ஈடுகட்டுகிறது, அந்த ஒரு டிகிரி அதுவாகத்தான் இருக்கும். கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

மே 15, மதியம் 1:30

பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். 80-லிருந்து 73. மெஷினுக்குக் காற்று போட்டுவிட்டு நான் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அந்த மௌனம் போதும்.

இதை நிரந்தரமாகச் செய்யாதீர்கள். ஒரே வாரத்தில் உள்ளே மணல் திட்டு வந்துவிடும். பல்லிக்கும் வாசல் திறந்தாகிவிடும்.

மே 18, இரவு 11:05

கூலர் வாங்கிவிட்டேன். நான்கு செம்புக் குழாய், 120 மில்லிமீட்டர் ஃபேன். மாட்டுவதற்காகப் பழைய கூலரைக் கழற்றினேன் பாருங்கள், அப்போதுதான் தெரிந்தது.

இன்டெல் கூலரில் நான்கு மூலையிலும் கறுப்பு பிளாஸ்டிக் பின் இருக்கும். போர்டின் ஓட்டையில் வைத்து அழுத்தினால் "டிக்" என்று பிடிக்கும். குறுக்காக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். மூன்று பின் நன்றாகப் பிடித்திருந்தது. நான்காவது, எஸ்எம்பிஎஸ் வயருக்குப் பின்னால் இருந்தது, ஓட்டைக்குள் நுழைந்திருந்ததே தவிர மறுபக்கம் விரியவில்லை. விரலால் தள்ளினேன், ஆடியது. பேஸ்ட் தடத்தைப் பார்த்தால் மூன்று பக்கம் மெல்லிசாகப் பரவி, அந்த மூலையில் மட்டும் தடியாக, தொட்டதேயில்லாத மாதிரி பளபளவென்று.

மூன்று வருடம் மூன்று காலில் நின்றிருக்கிறது. அசெம்பிள் செய்து கொடுத்த கடையைத் திட்டலாம் என்று போனை எடுத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது, முதல் வருட தீபாவளிக்குத் தூசி தட்டுகிறேன் என்று கூலரைக் கழற்றி மாட்டியது நான்தான். போனை வைத்துவிட்டேன்.

மே 19, காலை 10:10

புதுக் கூலர், பவர் லிமிட் 125 வாட், அறை 36. சிபியு 77, ரெண்டர் 37 நிமிடம். கழித்தால் 41. தகட்டில் எழுதியாகிவிட்டது.

மே 10-ல் போட்ட மூன்று எண்களும் ஆடும் கூலரில் எடுத்தவை என்பதை ஞாபகம் வையுங்கள். சரியாக மாட்டிய அதே கூலரில் இன்னும் சில டிகிரி குறைந்திருக்கும். எவ்வளவு என்று பார்க்க அதைத் திரும்ப மாட்டுவேனா என்று கேட்காதீர்கள். மாட்டேன்.

மே 19, மாலை 5:00

"இப்போது அறையும் குளிர்ந்திருக்குமே?" இல்லை. உண்மையில் கூடியிருக்கும். முன்பு சிப் 100-ல் நின்றுகொண்டு ஏறக்குறைய 90 வாட்டைத்தான் வெளியே தள்ளியது. இப்போது 77-ல் இருந்துகொண்டு 125 வாட்டைத் தள்ளுகிறது. எரிகிற தீக்குச்சியின் நுனி அண்டா வெந்நீரைவிடப் பல மடங்கு சூடு, ஆனால் குளியலறையில் ஆவி நிறைவது அண்டாவால்தான். கூலர் சூட்டை அழிப்பதில்லை, சிப்பிலிருந்து எடுத்து நம் மேல் ஊதுகிறது.

மே 23, இரவு 9:15

கோவையிலிருந்து ஒரு நண்பர், ரைசன் 5 7600எக்ஸ். "பெரிய கூலர் போட்டும் 95-ஐ விட்டு இறங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடவா?"

கொடுக்காதீர்கள். அந்த 7000 வரிசையில் 95-ஐ இலக்காக வைத்தே ஏஎம்டி வடிவமைத்தது, 2022-ல் வெளியிடும்போதே சொல்லிவிட்டார்கள். எல்லாக் கோரும் உழைக்கும்போது 95 வரும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். கூலர் பெரிதானால் அதே 95-ல் கூடுதல் வேகம் கிடைக்கும், எண் அசையாமல் நிற்கும். சிப்பும் சின்னது, மேலே இருக்கும் தகடும் தடிமன், பழைய ஏஎம்4 கூலர்கள் பொருந்தட்டும் என்று அப்படிச் செய்தார்கள். சூடு அதைத் தாண்டி வருவதற்குள் நேரமாகிறது. மனசு கேட்கவில்லையென்றால் பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு 65 வாட் போடுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், எண் சடாரென்று இறங்கும்.

ஆனால் அதே 7000 வரிசையில் 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு 95-க்குக் காத்திருக்க வேண்டாம். அதன் எல்லை 89. மேலே அடுக்கியிருக்கும் கேஷ் மெமரி சூட்டைப் பிடித்துவைக்கும்.

ஜூன் 2, காலை 7:25

பேஸ்ட் எவ்வளவு வைப்பது என்று ஐந்து பேர் கேட்டு, ஐந்து பேரும் தங்களுக்குள் சண்டை போட்டாகிவிட்டது. பட்டாணி அளவு நடுவில் வைத்து கூலரை அழுத்துங்கள். கூடினாலும் பக்கத்தில் பிதுங்கி வழியும், அவ்வளவுதான். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதுதான் பேஸ்ட் அளவைவிட முக்கியம். சிரிக்காதீர்கள், உரிக்காமல் மாட்டியவர்கள் இந்த ஐந்து பேரிலேயே ஒருவர் இருக்கிறார்.

ஆகஸ்ட் 13, இரவு 10:55

ரொம்ப நாளைக்குப் பிறகு. சென்னை நண்பர் ஒருவரின் இன்டெல் 14900கே மெஷின் கேம்களில் திரும்பத் திரும்ப கிராஷ் ஆகிறது. "80-ஐத் தாண்டியதே இல்லை, நீங்கள் சொன்ன மாதிரி பார்த்துக்கொண்டேனே" என்கிறார், என்மேல் கொஞ்சம் கோபம்.

இது சூட்டை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் இல்லை. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கும் கோளாறு இருந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த மாதம் (2024 ஆகஸ்ட்) 0எக்ஸ்129 (0x129) என்ற திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வர ஆரம்பித்திருக்கிறது. உடனே போடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது சரிசெய்யாது. வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள், மாற்றக் கேளுங்கள்.

என் பங்கும் இதில் இருக்கிறது. மேலே பத்து இடத்தில் டிகிரி டிகிரி என்று எழுதிவிட்டு, வோல்டேஜை ஒரே ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அக்டோபர் 20, மதியம் 12:40

மழை பிடித்துக்கொண்டது. அறை 27. முகூர்த்த ரெண்டர் ஓடியது, 125 வாட், சிபியு 74. மேயில் 77, இப்போது 74, நல்லதுதான் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பழக்கதோஷத்தில் தகட்டில் எழுதும்போதுதான் கழித்தேன். மேயில் 41. இப்போது 47.

எண் மூன்று இறங்கியிருக்கிறது, மெஷின் ஆறு மோசமாகியிருக்கிறது.

அக்டோபர் 20, மாலை 6:30

திறந்தேன். கூலரின் தகடுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கம்பளி விரித்த மாதிரி. பஞ்சு மாதிரி ஊதினால் போகாது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, வாசனை வேறு. சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா ஸ்டூடியோவில் போடுகிற புகை, தூசியோடு சேர்ந்து ஐந்து மாதத்தில் இப்படி ஆகியிருக்கிறது. ப்ளோயரில் அசையவில்லை. ஃபேனை எடுத்துவிட்டு, பெயின்ட் பிரஷை ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தகடு தகடாகத் தேய்த்தேன். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் போகும்.

சாம்பிராணியை ஹாலோடு நிறுத்தச் சொன்னேன். "தொழில் நடக்குற இடத்துக்குத்தான்டா போடணும்" என்றார் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது. கூலரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 20, இரவு 8:10

அறை 27, சிபியு 69. கழித்தால் 42. மேயைவிட ஒன்று கூடுதல், இருக்கட்டும்.

இன்னொன்று. எஸ்எம்பிஎஸ் இருக்கும் அறையின் மூலையில், இளஞ்சூடான இடமாகப் பார்த்து, இரண்டு பல்லி முட்டை. டேபிள் ஃபேன் வைத்த அந்த ஒரு நாள் யார் உள்ளே போனார்களோ, அவர்கள் பரம்பரையோ. முட்டை தகட்டோடு ஒட்டியிருக்கிறது, எடுத்தால் உடையும். அந்தப் பக்கத் தகட்டை மட்டும் இன்னும் மூடவில்லை.